பதினைந்து ஆம்பியர் பாயிண்ட்

உட்காருங்கள் தம்பி. அம்மிணி, நீங்கள் இப்படி ஃபேனுக்கு நேராக வந்துவிடுங்கள். வெயிலில் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள், முகமெல்லாம் சிவந்துவிட்டது. தம்பி குனிந்து டயரைப் பார்த்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. பழைய கார் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டயரைப் பார்ப்பதில்லை. உள்ளே ஏறி ஸ்க்ரீனைத் தடவிப் பார்த்துவிட்டு, பாட்டு கேட்குமா என்று கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வீட்டில் சார்ஜ் போட்டால் எவ்வளவு ஆகும், வெளியில் போட்டால் எவ்வளவு ஆகும். இந்த ராசிபுரத்தில் அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல ஆள் கிடையாது. நான் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவன். லோடு ஏறுவதற்கு முன்னாலேயே டீசல் எவ்வளவு, டோல் எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, வெறும் வண்டியாகத் திரும்பினால் கையிலிருந்து எவ்வளவு போகும், எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுவேன். பேனா எடுத்தது கிடையாது. "ராக்கியண்ணன் கணக்குக்கு லாரிதான் ஒத்துப்போகணும்" என்று ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். கேலி பேசினாலும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டு போவார்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹைவேயில் இருக்கிற மிஷினில் போட்டால், வரியெல்லாம் சேர்த்து, யூனிட் இருபது ரூபாய்க்கு மேல் போய்விடும். இடத்துக்கு இடம் கூடும் குறையும். வீட்டில் போட்டால் நாலு, ஐந்து, ரொம்பப் போனால் ஆறு. வெளியில் ஒரு தடவை போடுகிற காசுக்கு வீட்டில் நாலு தடவை போடலாம். இதற்கு மேல் கணக்கே தேவையில்லை. வீட்டில் போட வசதி இருந்தால் இந்த வண்டி வாங்குங்கள். இல்லையென்றால் பெட்ரோல் வண்டியே தேவலாம். விற்கிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். உள்ளதைச் சொல்கிறேன்.

ஆனால் வீட்டில் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐந்நூறு யூனிட். உங்கள் வீட்டிலும் அதே மீட்டர்தான், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறார்கள். ஐந்நூறுக்குள் இருந்தால் ஒரு விலை. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடுவார்கள். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் தாண்டியதுதான். எங்கள் வீட்டில் கார் வருவதற்கு முன்னால் முந்நூறு வாக்கில் ஓடும். கார் வந்தால் அது ஒரு இருநூறு குடிக்கும். கூட்டினால் கோட்டின் மேலேயே நிற்கிறது பாருங்கள். அதைத் தாண்டாமல் வண்டி ஓட்டுவதில்தான் திறமை இருக்கிறது. நான் ஓட்டினேன்.

இந்தக் காரை நான் ஆசைக்கு வாங்கவில்லை. வசந்தாமணிக்குக் கிட்னி போய்விட்டது. வசந்தாமணி என் சம்சாரம். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். முதலில் பழைய பெட்ரோல் காரில் போனோம். போய்த் திரும்பினால் அறுபது கிலோமீட்டர், அதில் மல்லூர்ப் பக்கம் டிராஃபிக் வேறு. ஒரு மாதம் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது, பெட்ரோலுக்கு யார் கொடுப்பார்கள்? பழைய காரைக் கொடுத்துவிட்டு இதை எடுத்தேன்.

முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள், "ஏனுங்க, ஓடுதா நிக்குதான்னே தெரியலீங்களே. உங்க பேச்சு மட்டுந்தான் கேக்குது. பழைய வண்டியில அதாச்சும் கொஞ்சம் அமுங்கி இருக்கும்."

அப்படித்தான் பேசுவாள். கையில் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்திருக்கும், பேச்சு மட்டும் குறையாது.

சரி, சார்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியோடு ஒரு ஒயர் கொடுப்பார்கள். நடுவில் ஒரு பெட்டி, அதில் பச்சை லைட் எரியும். அதைப் பதினைந்து ஆம்பியர் பாயிண்ட்டில்தான் சொருக வேண்டும், மிக்ஸி சொருகுகிற சின்னப் பாயிண்ட்டில் சொருகினால் கருகிவிடும். வீட்டில் பதினைந்து ஆம்பியர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பாத்ரூம் ஹீட்டருக்கு ஒன்று, அது பின்பக்கம். சமையலறையில் ஒன்று, அதுவும் எட்டாது. முன்பக்கம் என்றால் பெட்ரூம் ஏ.சி.க்கு இருக்கிற பாயிண்ட் மட்டும்தான். அதுவும் ஜன்னலை ஒட்டி. ஜன்னலுக்கு வெளியே போர்ட்டிகோ. அளவெடுத்து வைத்த மாதிரி.

எலக்ட்ரீஷியன் அர்த்தநாரியை வரச் சொன்னேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, மெயின் போர்டுல இருந்து தனியா ஒரு லைன் இழுத்து, போர்ட்டிகோவுல ஒரு பாயிண்ட் வெச்சுக் குடுத்தர்றனுங்க. எர்த்தும் தனியாப் போட்டரலாம். எட்டாயிரத்துல முடிச்சுத் தர்றேன்" என்றான்.

"எட்டாயிரமா? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாயிண்ட் சும்மாத்தானப்பா இருக்குது?"

"சும்மா எங்கீங்கண்ணா இருக்குது? அதுல ஏ.சி. இருக்குதுங்களே."

"ஏ.சி.யப் புடுங்கிட்டுக் காரைச் சொருகறது. கார் ஆனதும் ஏ.சி.யச் சொருகறது. ரெண்டும் ஒரே நேரத்துல எதுக்கு?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வசந்தாமணியைப் பார்த்தான். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." இவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அவரு லாரிக்கே கணக்குச் சொன்னவரு, நான் என்னத்தச் சொல்றது" என்று சிரித்தாள். அவன் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனான்.

அதில்தான் கணக்கே இருக்கிறது தம்பி, கவனியுங்கள். கார் இருநூறு யூனிட் குடிக்கும் என்றேன் அல்லவா. ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால் அதுவும் ஏறக்குறைய அதே அளவு இழுத்துவிடும். இரண்டும் ஒரே பாயிண்ட் என்றால் இது ஓடும்போது அது ஓடாது. நான் மீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதே இல்லை, பாயிண்ட்டே பார்த்துக்கொள்ளும். இதை அர்த்தநாரிக்குச் சொன்னேன், அவனுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா? விளங்கும், நீங்கள் படித்தவர்கள்.

ஒரே ஒரு தொந்தரவு, ஜன்னலை முழுக்கச் சாத்த முடியாது. ஒயர் போகிற அளவுக்கு இடுக்கு விட வேண்டும். கொசு வரும். வசந்தாமணி ஒரு பழைய நூல் புடவையைக் கிழித்து, சுருட்டி, அந்த இடுக்கில் அடைத்துவைத்திருந்தாள். அவள் படுக்கிற பக்கம் அதுதான். கொசுவத்தி வைத்தால் மூச்சுக்கு ஆகாது என்பாள்.

ஏ.சி. இல்லாமல் அவளுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை அம்மிணி. அதை அவளே சொல்லிவிட்டாள். நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. "இன்னிக்கு ராத்திரி வண்டிக்குப் போடணும், ஏ.சி. இல்லாம இருந்துக்குவியா?" என்றேன். "எனக்கு ஏ.சி. ஆகறதில்லீங்க. கைகாலெல்லாம் இழுக்குது. நீங்க வண்டியப் பாருங்க" என்றாள். அவள் வாயால் சொன்னது. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. ஒருமுறை சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது என் பழக்கமில்லை.

ஆனால் ஒன்று, காரில் ஏறியதும் ஏ.சி. வாயை அப்படியே முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்வாள். ராசிபுரம் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். வீட்டு ஏ.சி. ஆகாது, கார் ஏ.சி. ஆகும். பெண்கள் உடம்பு எப்படியெல்லாம் இருக்கிறது பாருங்கள், நமக்கு எங்கே புரிகிறது. நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். கார் ஏ.சி.க்கும் கரண்ட் போகத்தான் செய்யும், போய்விட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? அந்தச் சொம்பில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் அவளுக்கு எமன். டயாலிசிஸ்காரர்கள் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. உள்ளே போனது வெளியே வராது, உடம்பிலேயே நிற்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். நான் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, காலையில் அவள் பக்கத்தில் வைத்துவிடுவேன். சாயந்திரம் பார்த்தால் பாட்டிலில் பாதி அப்படியே இருக்கும். ஆனால் எடை ஏறியிருக்கும். எப்படி? ராத்திரி குடித்திருப்பாள். ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். ட்ரேயை நான் பார்க்கும்போதெல்லாம் காலியாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் எடை பார்த்துவிட்டுச் சத்தம் போடும். "ஏம்மா, ரெண்டு நாள்ல மூணு கிலோ ஏறியிருக்கு. தண்ணி குடிச்சீங்களா?"

"நாக்கு ஒட்டிக்குதுங்க சிஸ்டர். என்னன்னே தெரியல."

"வீட்ல ரொம்பப் புழுக்கமா இருக்குதா?"

இவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "அதெல்லாம் இல்லீங்க. எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, அதான்" என்றாள்.

பார்த்தீர்களா, அவளே ஒத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது காரில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்து போகிறோம், நீ ஒரு நாக்கைக் கட்டமாட்டாயா என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள். தூங்கினாளோ, கண்ணை மூடிக்கொண்டாளோ.

அந்தப் பங்குனியில் ரீடிங்காரர் வந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மீட்டரைப் பார்த்து மிஷினில் தட்டிவிட்டு, "என்னங்கண்ணா, கார் வாங்கியும் ஐநூறு தாண்டலீங்களே. எங்காச்சும் கொக்கி கிக்கி போட்டிருக்கீங்களா?" என்று சிரித்தார். ஐந்நூறுக்கு எட்டோ பத்தோதான் குறைவு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! லாரி ஆபீஸ் நடத்திய காலத்தில்கூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அவருக்குப் பாயிண்ட் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

வசந்தாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னையும் சேத்துச் சொல்லுங்க. நானுந்தான் கஷ்டப்பட்டிருக்கேன்."

"நீ என்ன கஷ்டப்பட்ட? வண்டியில உக்காந்துட்டு வந்த, உக்காந்துட்டுப் போன."

எல்லாரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள். அன்றைக்குக் கடைவீதிக்குப் போய் அவளுக்கு இரண்டு முழம் பூ வாங்கிவந்தேன். அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "ஐநூறு யூனிட்டுக்குப் பூவா?" என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

வெளியில் சார்ஜ் போட்ட அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், அதையும்தானே கேட்டீர்கள். அவள் இருந்தவரை ஒரே ஒரு முறைதான் போட்டேன். முந்தின நாள் ராத்திரி இந்தப் பக்கம் கரண்ட் போய்விட்டது, வண்டி பாதிதான் ஏறியிருந்தது. எப்படியோ சேலம் போய்ச் சேர்ந்துவிட்டோம், திரும்பி வரும்போது மல்லூர் தாண்டி ஹைவேயில் ஒரு ஹோட்டல் இருக்கிறது, அங்கே மிஷின் வைத்திருக்கிறார்கள், அங்கே நிறுத்தினேன். இரண்டு மிஷின். ஒன்று ஓடவில்லை. இன்னொன்றுக்கு முன்னால் ஒருத்தர் டீசல் காரை நிறுத்திவிட்டு உள்ளே பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "சார், இது சார்ஜ் போடற இடம்" என்றால், "நிழலா இருந்துச்சு, விட்டேன். குருமா வருது, சாப்ட்டு எடுத்தர்றேன்" என்கிறார். அப்புறம் போனில் அந்தக் கம்பெனி ஆப்பை ஏற்ற வேண்டும், அதில் முன்கூட்டியே பணம் போட வேண்டும், அவர்கள் சொல்கிற தொகைக்குக் குறைந்து போட முடியாது. போட்டேன். அதில் மீதி நின்றுவிட்டது. திரும்ப வராது, அங்கேயே போட்டுத்தான் கழிக்க வேண்டும். இந்த மாதிரி ஆளைக் கட்டிப்போடுகிற வேலை லாரி ஆபீஸில்கூடக் கிடையாது.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் காருக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே நின்று அந்த ஸ்க்ரீனில் ரூபாய் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கதவைத் திறந்தேன். நல்ல தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. உசுப்பினேன்.

"முடிஞ்சிருச்சுங்களா?"

"முடிஞ்சுது. போலாம்."

"இன்னும் கொஞ்சம் போடுங்களேன்."

"யூனிட் இருபத்து மூணு ரூபா, வசந்தா."

 "அப்பச் சரிங்க. போலாம்" என்று சீட்டை நிமிர்த்திக்கொண்டாள்.

வெளியில் போட்டால் அதுதான் செலவு. இருபத்து மூன்று.

அப்புறம் சித்திரை. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து நாலைந்து நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது திங்கள்தான், நடுவில் ஒரு நாள் கூடுதல். ஞாயிறு சாயந்திரமே வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டேன், திங்கள் காலையில் ஃபுல்லாக இருக்க வேண்டும் என்று. அந்த விஷயத்தில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை. சில பேர் பாதி சார்ஜில் கிளம்பிவிட்டு ரோட்டில் நின்று முழிப்பார்கள்.

விடிகிற நேரம் அவள் என்னை எழுப்பினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "படுத்தா மூச்சு முட்டுதுங்க. ராத்திரியிலிருந்து உக்காந்தேதான் இருக்கேன்."

"எழுப்ப வேண்டியதுதான?"

"வண்டி ஃபுல் ஆகட்டும்னு பாத்தேன்."

பச்சை லைட் மினுக்காமல் நின்று எரிந்துகொண்டிருந்தது. ஃபுல்லாகி ரொம்ப நேரம் ஆகியிருக்கும். ஒயரைக் கழற்றி, சுருட்டி, டிக்கியில் வைத்தேன். அதைத் தரையில் அப்படியே போட்டுவிட்டுப் போகக் கூடாது, வண்டி ஏறிவிட்டால் பெட்டி உடைந்துவிடும், புதிதாக வாங்கினால் பெரிய செலவு. அப்புறம் அவளைத் தாங்கி உட்காரவைத்தேன். ரோடு காலியாக இருந்தது. அவள் கை அந்த ஏ.சி. வாய் மேலேயே இருந்தது, திருப்பத் தெம்பில்லை போலிருக்கிறது. நான் திருப்பிவிட்டேன். மல்லூர் ஹோட்டலைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே கை துவண்டுவிட்டது. நுரையீரல் முழுக்க நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். இந்த வெயிலில் இப்படி இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள் என்றும் சொன்னார். நீர். நான்தான் சொன்னேனே. எவ்வளவு சொல்லியிருப்பேன்.

வண்டியில் அப்போதும் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். இந்த வண்டி ஒருநாள்கூட எங்களை ரோட்டில் நிறுத்தியதில்லை. அன்றைக்கும் நிறுத்தவில்லை. நம்பி வாங்கலாம்.

என்ன கேட்டீர்கள் அம்மிணி? அன்றைக்கு ராத்திரி ஏ.சி. போட்டிருந்தோமா என்றா? எப்படிப் போட முடியும், கார்தான் சார்ஜில் இருந்ததே.

ஏன் தம்பியைப் பார்க்கிறீர்கள்? வேறு ஏதாவது கேட்க வேண்டுமானால் என்னிடமே கேளுங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது. சர்வீஸ் பில்லெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். விற்கச் சொன்னது என் மகள் சுகந்திதான். ஓசூரில் இருக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது கரண்ட் பில்லைப் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, இது என்னப்பா இவ்வளவு வந்திருக்கு? ஒரு ஆளுக்கா?" என்றாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆளே இல்லாத ரூமுக்கு எதுக்குப்பா ஏ.சி.?" என்றாள்.

மிஷின் என்றால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அம்மிணி. ரொம்ப நாள் போடாமல் வைத்தால் கேஸ் போய்விடும், எலி ஒயரைக் கடித்துவிடும். ஏ.சி. மெக்கானிக்கே சொல்லியிருக்கிறார். எப்போதாவது பத்து நிமிஷம் ஓடவிட்டால் போதும் என்றுதான் சொன்னார். நான் அணைப்பதில்லை. அணைத்து அணைத்துப் போட்டால் கம்ப்ரஸர் கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் இங்கே ஹாலில்தான் படுத்துக்கொள்கிறேன். எனக்கு ஏ.சி. பழக்கமில்லை.

ஐந்நூறு எப்போதோ தாண்டிவிட்டது. முதல் தடவை தாண்டியபோது, அதே ரீடிங்காரர்தான் வந்தார். மிஷினைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் போய்ப் பணம் கட்டினேன். ரசீது கொடுத்தார்கள். அவ்வளவுதான். தாண்டினால் ஒன்றும் ஆகவில்லை தம்பி. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏதோ ஆகும், ஏதோ ஆகும் என்று அவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் கொஞ்சம் கூடப் போயிற்று. வேறு ஒன்றுமே ஆகவில்லை.

காருக்கு இப்போது மல்லூரில்தான் போடுகிறேன். பாயிண்ட்டில் ஏ.சி. இருக்கிறதே, வீட்டில் எப்படிப் போடுவது? தவிர, அந்த ஆப்பில் பணம் கிடக்கிறது, கழிக்க வேண்டும். கழிந்துவிட்டால் மறுபடி போடச் சொல்கிறது, மறுபடி போடுகிறேன், மறுபடி மீதி நிற்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் போவேன். வண்டியை வேறு எங்கும் எடுப்பதில்லை, அங்கே போவதற்குத்தான் எடுக்கிறேன். சீட்டைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏ.சி. ஓடும். சார்ஜ் முடிந்தால் போனில் மணி அடிக்கும். அடித்தவுடன் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பின்னால் யாரும் காத்திருக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு வருவேன். "சார்ஜ் போடப் போறதுக்காகச் சார்ஜ் போடறீங்களா? கணக்கு வாத்தியாருக்கு என்னாச்சு?" என்கிறாள் சுகந்தி. அவளுக்கு வெயிலில் வண்டி ஓட்டுகிறேன் என்று பயம். அதனால்தான் விற்கச் சொல்கிறாள். வேறு ஆளாக இருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். அவளுக்கு அம்மா முகம்.

வீட்டில் சார்ஜ் ஏறுகிறதா என்று போட்டுக் காட்டச் சொல்கிறீர்கள். நியாயம்தான். வாங்குகிறவர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இப்போது முடியாது தம்பி. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் கேட்கிறதே. அதைப் பிடுங்கினால்தான் இதைச் சொருக முடியும். அதை நான் பிடுங்குவதில்லை. அதனால் கார் விலை போகாது என்றால் போகட்டும், சுகந்தியிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உள்ளே யாரும் இல்லை. சும்மாதான் ஓடுகிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் எங்கே இருக்கிறது? முன்பக்கம்? எந்த அறையில்?

அந்த அறையிலா குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறீர்கள்?

ஜன்னல் பக்கமா?

பொறுங்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறேன். பேசிப் பேசி ஏற்றலாம் என்றிருந்தேன், வேண்டாம். அதிலும் எட்டாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அர்த்தநாரி உங்கள் வீட்டுக்கு வருவான். இன்றைக்கே போன் பண்ணுகிறேன். மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, வாசலில் பாயிண்ட் வைத்து, எர்த் போட்டு, முடித்துவிட்டு எனக்குச் சொல்வான். நானும் வந்து ஒரு நடை பார்ப்பேன். அப்புறம்தான் சாவி. "அப்புறமா வெச்சுக்கறோம், இப்போதைக்கு ஏ.சி. பாயிண்ட்டுலயே ஓட்டிக்கறோம்" என்றால், நீங்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது. ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர்ச்சி வெளியே போகும். கரண்ட் வீண். கணக்குத்தான் தம்பி, வேறொன்றுமில்லை.

அம்மிணி, அந்த ஏ.சி. பாயிண்ட் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது. ஜன்னல் இடுக்கில் புடவைத் துணி இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். பார்த்துவிட்டு வரும்போது கதவைச் சாத்திவிடுங்கள்.

கொஞ்சம் மெதுவாகச் சாத்துங்கள். சத்தம் வரும்.